பினாங்குக்கு இரண்டாம் பயணம்

ஒருமுறை கண்டு களித்த ஊரை மீண்டும் ஒருமுறை காண வேண்டும் என்ற ஆவல் நம்மில் பலருக்கும் உண்டு. முதல் பயணத்தில் விட்டுப்போனவற்றைப் பார்த்துவிடலாம், அவசரத்தில் பார்த்தவற்றை ஆற அமரப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு நான் இரண்டாம் முறை புறப்பட்டபோது ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் இதையே காரணமாகச் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. பல ஆண்டுகள் என் வீட்டாரிடமே மறைத்து வைத்திருந்த அந்தக் காரணத்தையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

சாவடியிலிருந்து தீவுக்கு

எங்கள் ஊர் குள்ளஞ்சாவடி. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் நெடுஞ்சாலையில், குறிஞ்சிப்பாடிக்கு முன்னதாக இருக்கிறது. செம்மண் பூமி. எப்பக்கம் நோக்கினும் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் தென்படும். அதே சாலையில் மேலும் மேற்கே சென்றால் நெய்வேலி. அந்த நகரியத்தில்தான் நான் பணியாற்றி ஓய்வு பெற்றேன். வழிப்போக்கர் இளைப்பாறும் இடத்துக்குச் சாவடி என்று பெயர். எங்கள் குடும்பத்திலோ, இளைப்பாறப் புறப்பட்ட ஊருக்கே திரும்பாமல் போன வழிப்போக்கர் ஒருவர் உண்டு. அவர் என் பாட்டனார்.

1936ஆம் ஆண்டு, இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த என் அத்தாவையும் பாட்டியையும் ஊரில் விட்டுவிட்டு, அவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறினார். பினாங்குத் துறைமுகத் தெருக்களில் தோளில் தண்டு சுமந்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் கறியும் தொங்கவிட்டு விற்றார். மலாய் மொழியில் நாசி என்றால் சோறு; கந்தார் என்றால் தோளில் சுமக்கும் தண்டு. இன்று பெரிய உணவகங்களில் குளிர்சாதன அறையில் அமர்ந்து உண்ணப்படும் 'நாசி கந்தார்', நம் தமிழ் முஸ்லிம்களின் தோள்களில் பிறந்த உணவு என்பதை நீங்கள் அறிந்து கொள்ளுங்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் மீது குண்டு வீசின. 1945 வரை அத்தீவு ஜப்பானியரின் பிடியில் இருந்தது. அந்த ஆண்டுகளில் குள்ளஞ்சாவடிக்குக் கடிதமும் வரவில்லை, பணமும் வரவில்லை. பாட்டி முந்திரிக்கொட்டை உடைத்துப் பிள்ளையை வளர்த்தார். போர் முடிந்து வந்த முதல் கடிதத்தில், தாம் உயிருடன் இருப்பதாகவும், அங்கே ஒரு பெண்ணை மணந்து கொண்டதாகவும், ஓர் ஆண் குழந்தை இருப்பதாகவும் பாட்டனார் எழுதியிருந்தார். அப்பெண் தமிழ்த் தந்தை வழியும் மலாய்த் தாய் வழியும் கலந்த ஜாவி பெரானக்கான் குடும்பத்தைச் சேர்ந்தவர். பின்னர் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. பாட்டனார் 1961இல் அங்கேயே மவுத்தானார். பாட்டியின் முன்னிலையில் எவரும் பினாங்கு என்ற சொல்லை உச்சரித்ததில்லை. ஆயினும் அத்தா மட்டும், கடை முகவரிக்குக் கடிதங்களை வரவழைத்து, தம் தம்பி தங்கையுடன் தொடர்பை விடாமல் காத்து வந்தார்.

கண்ணுக்கு விருந்து

1996ஆம் ஆண்டு நண்பர்கள் சிலருடன் மலேசியா செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து இரண்டடுக்குப் படகில் தீவை நோக்கிப் போனோம். கீழ்த்தட்டில் வாகனங்கள், மேல்தட்டில் மனிதர்கள். எதிரே கொம்தார் கோபுரத்தின் 65 மாடிகள். தெற்கே, 1985இல் திறக்கப்பட்ட பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் கடலின் மீது கோடு கிழித்தாற்போலக் கிடந்தது. சுரங்கத்தின் புழுதியைக் கண்டு பழகிய என் கண்களுக்கு அது விருந்தாக இருந்ததைக் கூறவும் வேண்டுமோ?

1786ஆம் ஆண்டு ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைக்கொண்டார். கடலூர், பரங்கிப்பேட்டை, நாகூர், நாகப்பட்டினம் என்று நம் கரையோரத்து வணிகர்களும் மாலுமிகளும் விரைவிலேயே இங்கு வந்து குடியேறினர். சோழமண்டலக் கரையினரான அவர்களைச் சூலியா என்று அழைத்தார்கள். சூலியாத் தெரு இன்றும் அப்பெயருடன் விளங்குகிறது. அத்தெருவில் நாகூர் ஆண்டவரின் நினைவாக எழுப்பப்பட்ட தர்காவும் உள்ளது. அருகே, 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக ஆங்கில அரசு ஏற்றுக்கொண்ட காதர் முகைதீன் என்னும் வணிகரே அதை நிறுவியவர். இன்று நாம் காணும் குவிமாடங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டவை. அதே சாலையிலும் அருகிலும் ஒரு கிறிஸ்தவ ஆலயமும், சீனரின் கோயிலும், மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. பாங்கொலியும் கோயில் மணியும் ஒரே காற்றில் கலப்பதை அங்கு கேட்டேன்.

பினாங்கு மலைக்கு 1923 முதல் இயங்கிவந்த ரயிலிலும் ஏறினேன். பாதி வழியில் இறங்கி வேறொரு பெட்டிக்கு மாறவேண்டும். ஏறத்தாழ அரை மணி நேரப் பயணம். உச்சியில் நின்று ஊரைப் பார்த்தபோது, அந்தக் கூரைகளில் ஒன்றின் கீழ் என் சொந்த இரத்தம் இருக்கிறது என்ற எண்ணம் வந்தது. உடனே வேறு பக்கம் திரும்பிக் கொண்டேன்.

தெருமுனையில் திரும்பினேன்

புறப்படும் நாளன்று அத்தா என்னைத் தனியே அழைத்து, ஒரு முகவரிச் சீட்டையும் இரண்டு கிலோ முந்திரிப் பருப்பையும் கையில் கொடுத்திருந்தார். "சின்னத்தாவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருவாய் என்று சொல்லியிருக்கிறேன். போய்ப் பார்த்துவிட்டு வா. பாட்டியிடம் சொல்லாதே" என்றார்.

பள்ளிவாசலுக்குப் பின்புறம் கம்போங் கோலம் என்ற பகுதி. மலாய் மொழியில் கோலம் என்றால் குளம்; நம் சொல்லேதான் அது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, பொட்டலத்தைச் சுமந்துகொண்டு அத்தெருவின் முனை வரை சென்றேன். அங்கே நின்றபோது, முந்திரிப்பால் பட்டுக் கருத்துப்போன என் பாட்டியின் விரல்கள் கண்முன் வந்தன. என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். அவருக்குத் துரோகம் செய்வதாக எண்ணினேன். ஒரு கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடந்தேன். முந்திரிப் பருப்பைத் தங்கியிருந்த விடுதியின் காவலாளியிடம் கொடுத்தேன்.

ஊர் திரும்பியதும், "வீடு பூட்டியிருந்தது, பருப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன்" என்று அத்தாவிடம் பொய் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொன்னார். 1999இல் பாட்டி காலமானார். அதற்குப் பிறகு அத்தா எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்த முகவரியில் ஆளில்லை என்று அஞ்சல் துறை குறித்து அனுப்பியது. 2009இல் அத்தாவும் இறைவனடி சேர்ந்தார்.

அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோதுதான் அந்தக் கடிதம் என் கண்ணில் பட்டது. யாரையோ கொண்டு தமிழில் எழுதுவித்து, 1996இல் சின்னத்தா அனுப்பியது. வெள்ளிக்கிழமை முழுவதும் காத்திருந்ததாகவும், பிள்ளை வரவில்லை என்றும், அவனுக்கு உடல்நலக் குறைவு ஏதும் இல்லையே என்றும் கேட்டிருந்தார். என் பொய்யை அத்தா பதின்மூன்று ஆண்டுகள் அறிந்தே இருந்திருக்கிறார். ஒரு சொல்லும் கேட்டதில்லை. நேயர்களே, அவர் என்னை ஏசியிருந்தால்கூட இத்தனை வேதனை இருந்திராது.

நேரடி விமானம்

பிள்ளைகளின் திருமணம், பணி, பிறகு உலகையே முடக்கிய தொற்று என்று ஆண்டுகள் ஓடின. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்ற எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985இல் நடுக்கடலில் தீ விபத்துக்குள்ளான பின், அக்கடல் வழிப் பயணம் முடிந்து போயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியது. இந்தியக் குடிமக்கள் முப்பது நாள் வரை விசா இன்றி வந்து செல்ல 2023 டிசம்பரிலேயே மலேசியா வழி செய்திருந்தது. இனி எனக்குச் சொல்லிக்கொள்ளச் சாக்கு இல்லை. 2025 பிப்ரவரியில், ரமளானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்தில், என் துணைவியாருடன் புறப்பட்டேன். பெட்டியில் இரண்டு கிலோ முந்திரிப் பருப்பு இருந்தது. பாட்டனார் நாள் கணக்கில் கடந்த கடலை நாங்கள் சுமார் நான்கு மணி நேரத்தில் கடந்தோம். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே திருப்பி வைத்துக்கொண்டோம்.

தீவு மாறியிருந்தது. 2014இல் திறக்கப்பட்ட, 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் ஒன்று வந்திருந்தது. மலை ரயிலில் 2011 முதல் பாதி வழியில் இறங்கி மாறவேண்டியதில்லை. ஒரே பெட்டி சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்விடுகிறது. துணைவியாருக்காக ஒருநாள் அதையெல்லாம் சுற்றிக் காட்டினேன். மறுநாள் காலை கம்போங் கோலம் சென்றோம்.

முகவரி இருந்தது, மனிதர் இல்லை

இம்முறை தெருமுனையில் நிற்கவில்லை. சீட்டில் இருந்த எண்ணுள்ள வீட்டின் முன்னே போய் நின்றேன். அது இப்போது வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதி. அங்கிருந்த இளைஞருக்குப் பழைய குடித்தனக்காரர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

இதன் காரணத்தை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். நகரின் பழைய வீடுகளில் வாடகையை உயர்த்தவிடாமல் ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் இருந்தது. எளிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தது அச்சட்டத்தின் நிழலில்தான். 2000 ஜனவரி முதல் அது இல்லாமற் போயிற்று. வாடகை பன்மடங்கு உயரவே, ஆயிரக்கணக்கானோர் வீடுகளைக் காலி செய்து வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ நிறுவனம் ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. கட்டடங்கள் காக்கப்பட்டன, அவற்றில் வாழ்ந்தவர்கள் பலர் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். அத்தாவின் கடிதங்கள் ஏன் திரும்பின என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நெய்வேலிச் சுரங்கத்துக்காக இடம்பெயர்ந்த சிற்றூர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, முகவரி அழிந்துபோவது புதிய செய்தியா என்ன?

அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் சென்றேன். தொழுகை முடிந்ததும், அருகிலிருந்த பெரியவர் ஒருவருக்கு ஸலாம் கூறித் தமிழில் விசாரித்தேன். இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து சிறுவயதில் வந்தவர் அவர். பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியவில்லை. "தண்டு சுமந்து சோறு விற்றவரின் மகன், கடிகாரம் பழுது பார்ப்பவர்" என்றேன். சற்று யோசித்துவிட்டு, எங்களைச் சூலியாத் தெருவிலிருந்த ஒரு தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒருவர், அங்கிருந்து இன்னொருவர். இரவு இஷாவுக்குள் ஒரு தொலைபேசி எண் கிடைத்துவிட்டது. குடும்பம் கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. சின்னத்தா 2003இலேயே இறந்துவிட்டார். குப்பி உயிருடன் இருந்தார். தந்தையுடன் பிறந்தவளை எங்கள் வீட்டில் குப்பி என்றுதான் அழைப்போம்.

குப்பியின் வீட்டில்

மறுநாள் காலை படகேறினோம். நான் முன்பு பயணம் செய்த இரண்டடுக்குப் படகுகள் 2020ஆம் ஆண்டின் இறுதியுடன் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. தீவுக்கு வருவதற்கு மட்டுமே கட்டணம். தீவிலிருந்து போவதற்கு இல்லை என்பது பழைய வழக்கம். "போகிறவர்களிடம் காசு வாங்குவதில்லையாம்" என்று துணைவியாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குப்பிக்கு வயது 77. வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, முகத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். அத்தாவுக்கும் எங்கள் வீட்டாருக்கும் உள்ள அதே அகன்ற நெற்றி அவருக்கும் இருந்தது. அவருக்குத் தமிழ் சில சொற்களே தெரியும். எனக்கு மலாய் அறவே தெரியாது. ஆயினும் கடை அவர்களுக்குக் கெடாய், கப்பல் காப்பல், பெட்டி பெத்தி, கட்டில் காத்தில். நம் மக்கள் கடல் கடந்து கொண்டுபோய்க் கொடுத்த சொற்கள் இவை. அவற்றைக் கொண்டே பாதி பேசினோம். மீதியைக் கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தி ஆங்கிலத்தின் வழியே மொழிபெயர்த்தாள்.

முந்திரிப் பருப்பை அவர் முன்னே வைத்தேன். பிறகு, 1996இல் தெருமுனை வரை வந்து திரும்பியதையும், அத்தாவிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அறுபது வயதுக்காரன் தன் பொய்யை ஒரு சிறு பெண்ணின் வாயால் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுக் கொண்டிருப்பது எளிதன்று. அந்தப் பிள்ளை ஒரு சொல்லையும் குறைக்காமல் சொன்னாள்.

குப்பி சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொல்லலானார். அன்று சின்னத்தா கடிகாரக் கடையை நண்பகலிலேயே அடைத்துவிட்டாராம். விருந்து சமைக்கச் சொல்லி, வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாராம். இஷாவுக்குப் பின்னரும் யாரும் வராததால், உணவை அண்டை வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்தாராம். கோபப்பட்டாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார் குப்பி. "ஊரில் அந்த அம்மா உயிரோடு இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை எப்படி இங்கே வருவான் என்று அண்ணன் சொன்னார்" என்றார்.

எந்தக் காரணத்தால் நான் திரும்பி நடந்தேனோ, அதை நான் சொல்லாமலே புரிந்துகொண்ட ஒருவர் அந்த வீட்டில் இருந்திருக்கிறார். இன்னும் ஐம்பது அடி நடந்திருந்தால் அவரைப் பார்த்திருப்பேன்.

மதிய உணவுக்கு அமர்ந்தோம். சோறு, மீன் குழம்பு, சம்பால். கூடவே ஒரு தட்டில் இளஞ்சிவப்பான தளிர்கள். தொட்டுக்கொண்டு மென்றபோது துவர்த்தது. முந்திரிக் கொழுந்து! மலாய்க்காரர்கள் அதைப் பச்சையாகவே உண்பார்கள். முந்திரிக் காட்டில் பிறந்து வளர்ந்த நாங்கள் அதன் இலையைத் தின்றதே இல்லை. கொல்லையில் மரம் நின்றது. "பாட்டனார் ஊர்க் கொட்டையா?" என்று ஆவலுடன் கேட்டேன். இல்லை, தானாக முளைத்தது என்று குப்பி சொன்னார். எல்லாரும் சிரித்தோம்.

மையவாடியில்

அடுத்த நாள் குப்பியையும் அழைத்துக்கொண்டு தீவுக்குத் திரும்பி, மையவாடிக்குச் சென்றோம். பாட்டனாரும் சின்னத்தாவும் ஒருவருக்கொருவர் சற்றுத் தள்ளி அடங்கியிருக்கிறார்கள். ஃபாத்திஹா ஓதினோம். பாட்டிக்காகவும் துஆச் செய்யும்படி குப்பி எனக்குச் சைகை காட்டினார். பாட்டியின் பெயரைத் தம் வாயால் சொன்னார். குள்ளஞ்சாவடியில் பினாங்கு என்ற பெயர் அடக்கப்பட்டிருந்த அத்தனை ஆண்டுகளிலும், பினாங்கில் என் பாட்டியின் பெயர் ஒவ்வொரு ரமளானிலும் துஆவில் சொல்லப்பட்டு வந்ததாம்.

விடைபெறும்போது குப்பி ஒரு பொட்டலம் கொடுத்தார். பினாங்கின் புகழ்பெற்ற, சர்க்கரையில் ஊறிய சாதிக்காய். "வீட்டில் எல்லாருக்கும் கொடு" என்றார். இம்முறை அது குள்ளஞ்சாவடி வந்து சேர்ந்தது. என் தங்கைமார் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது நடந்தவை அனைத்தையும் சொன்னேன்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்பர்களே! பினாங்கைப் பார்க்க விரும்புவோர் தாராளமாகச் செல்லுங்கள். கடவுச்சீட்டுடன், பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசிய அரசின் மின்னணு வருகை அட்டையைப் பதிந்துகொள்ளுங்கள். ஹலால் உணவுக்குக் குறைவில்லை. சூலியாத் தெருப் பக்கம் தமிழ் பேசினால் பதில் கிடைக்கும்.

ஆனால் புறப்படுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு என்று போனவர்கள் இல்லாத வீடு நம்மில் எத்தனை இருக்கும்? உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய முகவரி இருந்தால், வீட்டுப் பெரியவர்கள் நினைவோடு இருக்கும்போதே விவரம் கேட்டு எழுதி வையுங்கள். தெருவின் பெயர் மட்டும் போதாது. அவர் என்ன தொழில் செய்தார், எந்தப் பள்ளிவாசலில் தொழுதார் என்பதையும் எழுதுங்கள். முகவரி அழிந்த பிறகு எனக்கு வழிகாட்டியவை அவைதாம்.

உறவைப் பேணுவது நமக்குக் கடமை என்று நாம் எல்லாரும் அறிந்திருக்கிறோம். அறிந்தும் தெருமுனையில் நின்றுவிடுகிறோம். எனக்கு இரண்டாம் பயணம் வாய்த்தது. குப்பியைக் கண்டேன், சின்னத்தாவைக் காணவில்லை. உங்களுக்கு முதல் பயணத்திலேயே அந்த ஐம்பது அடியை நடந்து முடிக்கும் பேற்றை வல்ல இறைவன் அருள்வானாக.